ஒரு விரல் துணி

அண்ணனும் தம்பியுமாக ஒரே தையல்கடையை நடத்தி வந்தவர்கள் பிரிந்தது ஒரு கோட்டின் கையால்தான். கல்யாண மாப்பிள்ளைக்குத் தைத்த கோட்டு. போட்டுப் பார்த்தபோது வலது கை மணிக்கட்டைத் தாண்டி இறங்கியது, இடது கை மேலேயே நின்றுவிட்டது. மாப்பிள்ளை கண்ணாடிக்கு முன்னால் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு, யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று காத்துக்கொண்டிருந்தார்.

"வெட்டினது நீங்கதானே?" என்றான் தம்பி.

"தைச்சது நீதானடா?" என்றார் அண்ணன்.

கோட்டோடு முடிந்திருக்க வேண்டிய பேச்சு சின்ன வயசுக்குப் போனது. யார் படிப்பை யார் கெடுத்தது, யார் யாருக்காக எதை விட்டுக்கொடுத்தது என்று ஆளுக்கொரு கணக்கு வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை மெதுவாகக் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு நழுவினார்.

தெருவில் அண்ணனுக்குக் கத்திரி என்று பெயர். துணியை மேசையில் விரித்து, சாக்கட்டியால் கோடு போட்டு வெட்டுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. மற்ற கடைகளில் போதாது என்று திருப்பி அனுப்பிய துணியிலும் அவர் முழுச்சட்டை எடுத்துவிடுவார். தம்பிக்கு ரயில் என்று பெயர். அவன் மெஷினில் உட்கார்ந்தால் தெருமுனைவரை தடதடக்கும். இரண்டு பெயரையும் யார் வைத்தார்கள் என்று தெரியாது. ஆனால் கேட்டவர்கள் யாரும் விளக்கம் கேட்டதில்லை.

கத்திரியின் மனைவிக்கு அப்படிப் பெயர் எதுவும் கிடையாது. அண்ணி, அக்கா, கத்திரி வீட்டம்மா, இவ்வளவுதான். கடைக்குப் பின்னாலேயே வீடு. பட்டன் கட்டுவது, கொக்கி வைப்பது, கீழ்மடிப்பைக் கையால் தைப்பது எல்லாம் அவள் அடுப்படியில் உட்கார்ந்து செய்கிற வேலை. முடித்ததைக் கதவிடுக்கு வழியாகக் கடைக்குள் நீட்டுவாள். வாங்கிப் போகிறவர்களுக்கு அது யார் கைவேலை என்று தெரியாது. அவளும் அதைப்பற்றி யோசித்ததில்லை.

பாகம் பிரிக்கத் தாய்மாமன் வந்தார். பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். கடைக்குள் நின்று பேசினாலும் கடைசி சீட்டுவரை கேட்கிற குரல். கடையிடமும் வெட்டுமேசையும் பழைய மிதிமெஷினும் மூத்தவனுக்கு என்றார். மோட்டார் மெஷினும் ஓவர்லாக் மெஷினும் இளையவனுக்கு. வெட்டிய துணியின் ஓரத்தில் நூல் பிரிந்து வராதபடி, ஓரத்தை நறுக்கிக்கொண்டே சுற்றிப் பின்னிவிடும் மெஷின்தான் ஓவர்லாக். கத்திரி அதைப் பெரிதாக நினைக்கவில்லை. "மெஷின் எப்ப வேணா வாங்கிக்கலாம். கை என்கிட்ட இருக்கு," என்றார்.

தம்பி எதிர்ச்சாரியில், மருந்துக்கடையை அடுத்து ஓர் அறை பிடித்து போர்டு மாட்டினான். இருவரின் மனைவிமாரையும் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆனால் அண்ணன் தம்பி பேச்சு நின்ற பிறகும் ஓரகத்திகள் பேச்சு நிற்கவில்லை. இருவர் வீட்டிலும் ஒரே நேரத்துக்குத்தான் தக்காளி தீர்ந்துபோகும்; காய்கறிக்கடையில் சந்தித்துக்கொள்வார்கள்.

ஆரம்பத்தில் ஒன்றும் தெரியவில்லை. கத்திரி வெட்டினார், அவரே மிதித்துத் தைத்தார். ஓரங்களை அப்படியே விட்டார். தெருவில் ஓவர்லாக் இருந்த ஒரே இடம் எதிர்க்கடை. அங்கே துணியை அனுப்புவதா? அதைவிடக் கடையை மூடிவிடலாம் என்பது அவர் எண்ணம். அடுத்த ஓவர்லாக்குக்கு பஸ் ஏற வேண்டும்.

"ஓரம் பிசிறடிக்குதுங்க," என்றாள் மனைவி ஒருநாள், பட்டன் கட்டக் கொடுத்த சட்டையைப் பார்த்துவிட்டு.

"பிசிறு உள்பக்கம்தானே? யாரு திருப்பிப் பாக்கப்போறா?"

பார்த்தவள் பக்கத்துக் கிளினிக்கின் நர்ஸ். அவள் தைக்கக் கொடுத்த வெள்ளை மேல்சட்டையைச் சில சலவைக்குப் பிறகு ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு வந்தாள். கடையில் அப்போது வேறு ஆட்களும் இருந்தார்கள். அது அவளுக்கு வசதியாகப் போயிற்று.

"பேஷன்ட்டைத் தூக்கி உக்கார வைக்கக் குனிஞ்சேன். படார்னு ஒரு சத்தம். பேஷன்ட்டுக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு டாக்டர் ஓடி வர்றார். ஆனது எனக்கு! அக்குள்லேருந்து இடுப்பு வரைக்கும் ஒரே திறப்பு. மிச்ச வேலையை ஒரு போர்வையைப் போத்திக்கிட்டு செஞ்சேன். என்னண்ணே தையல் இது?"

கத்திரி சட்டையை உள்பக்கம் திருப்பிப் பார்த்தார். நூல் அறுந்திருக்கவில்லை. தையல் போட்டது போட்டபடி ஒரு பக்கத்துத் துணியில் ஒட்டிக்கொண்டிருந்தது. மறுபக்கத்துத் துணி இழை இழையாகக் கழன்று, தையல்வரை தேய்ந்துபோய், தையலைவிட்டே வெளியே வந்திருந்தது. ஓரத்தில் அவர் விட்டிருந்தது அரை விரல் அகலத் துணி; அதில் மிஞ்சியது வெறும் குஞ்சம்.

கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்த மனைவி வந்து, அவர் கையிலிருந்து சட்டையை வாங்கிக்கொண்டாள். "வெள்ளிக்கிழமை வாங்க. சரிபண்ணித் தர்றேன்," என்றாள். எப்படி என்று அவளுக்கே தெரியாது.

அந்தச் சட்டையைக் கையாலேயே சரிசெய்தாள். பிய்ந்த பக்கத்துக்கு உள்ளே ஒரு பட்டித் துணி வைத்து ஒட்டுப்போட்டு, ஓரம் முழுக்க ஊசியால் சுற்றிச் சுற்றித் தைத்தாள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ஒரு சட்டை முடிவதற்குள் கத்திரி நாலு சட்டை வெட்டி வைத்திருந்தார். இப்படியே போனால் வாடிக்கைக்காரர்கள் குளிர்காலச் சட்டையை வெயில் காலத்தில்தான் வாங்கிப் போவார்கள்.

பல்லுப் பல்லாக வெட்டும் ஜிக்ஜாக் கத்தரி ஒன்று கடையில் சாம்பிள் துணி நறுக்கக் கிடந்தது. அதைக்கொண்டு ஓரங்களை வெட்டிப் பார்த்தாள். கெட்டியாக நெய்த துணியில் பிசிறு கட்டுக்குள் இருந்தது. கொஞ்சம் தளர்வான நெசவென்றால் இரண்டு சலவையில் பல்லெல்லாம் கொட்டிவிட்டது. பாலியெஸ்டர் துணிக்கு ஓரத்தை மெழுகுவத்தியில் காட்டினால் உருகி இறுகிவிடும் என்று ஓரகத்தி யாரிடமோ கேட்டு வந்து சொன்னாள். உருகியது உண்மை. எங்கே நிற்க வேண்டும் என்பதுதான் துணிக்குத் தெரியவில்லை. ஒரு லைனிங்கின் அக்குள் பகுதி முழுக்கக் கருகிச் சுருண்டது. கத்திரி மூக்கை உறிஞ்சிக்கொண்டே உள்ளே வந்தார்.

"சமையலா, தையலா?"

"ரெண்டும் இல்ல. நீங்க போங்க."

வழி கிடைத்தது துவைத்துக் காய்ந்த தலையணை உறைகளை மடித்துக்கொண்டிருந்தபோது. கல்யாணமான புதிதில் வாங்கிய உறை ஒன்று வெளுத்து, மெலிந்து, நடுவில் ஓட்டைகூட விழுந்திருந்தது. ஓரங்கள் மட்டும் அசையவில்லை. உள்பக்கம் திருப்பினாள். பிசிறே காணோம். வெட்டிய ஓரம் எங்கே என்று தேடிப் பிரித்துப் பார்த்தாள். அது தையலுக்குள்ளேயே புதைந்திருந்தது. முதலில் துணியின் நல்ல பக்கம் வெளியே இருக்கும்படி வைத்து ஓரத்தையொட்டி ஒரு தையல். பிறகு ஓரத்தை நறுக்கிவிட்டு, துணியை உள்ளே திருப்பி, அந்த முதல் தையலை மூடினாற்போல் இன்னொரு தையல். இரண்டு தையலுக்கு நடுவில் பிசிறு சிறைப்பட்டுவிடும்.

மற்ற துணிகளை மடிக்காமலேயே எழுந்து கடைக்குள் போய், மிதிமெஷின் முன்னால் உட்கார்ந்தாள். வாடிக்கைக்காரர்கள் இருக்கிற நேரத்தில் அவள் அங்கே உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

மெல்லிய துணிக்கெல்லாம் அந்த இரட்டைத் தையல் பொருந்தியது. கனமான துணிக்கு அது தடித்துப்போய், போட்டவர் பக்கவாட்டில் கயிறு கட்டிக்கொண்டதுபோல் ஆனது. அதற்கு வேறு வழி பிடித்தாள். தையலுக்கு வெளியே நின்ற ஓரங்களை இருபுறமும் விரித்து, ஒவ்வோர் ஓரத்தையும் தனித்தனியாக உள்ளே மடித்து மெஷினில் ஒரு ஓட்டு ஓட்டினாள். கோட்டுக்கு, லைனிங் துணியைக் குறுக்குவாக்கில் பட்டியாக வெட்டி, ஓரத்துக்கு உறை போட்டாற்போல் மூடினாள். நேராக வெட்டிய பட்டி அக்குள் வளைவில் முரண்டுபிடிக்கும். குறுக்கே வெட்டியது சொன்னபடி வளையும். இதெல்லாம் தையல் தெரிந்தவர்களுக்குப் புதிதல்ல. அவளுக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். அதனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு துணியைப் பாழாக்க வேண்டியிருந்தது.

சிக்கல் வேறொரு பக்கம் முளைத்தது. மடிக்கவும் மூடவும் துணி வேண்டும். கத்திரி விடுவதோ அரை விரல். ஓவர்லாக்குக்கு அது தாராளம். மடிப்பதற்கு அது போதவே போதாது.

"இனிமே ஒரு விரல் விட்டு வெட்டுங்க," என்றாள்.

"ஒரு விரலா? ரெண்டு பக்கம், தோள், கை, எல்லாத்துக்கும் ஒரு விரல்னா எவ்வளவு துணி போகும் தெரியுமா? துணியைத் தைக்கிறியா, திங்கிறியா?"

அவர் கோபத்துக்கும் காரணம் இருந்தது. குறைந்த துணியில் வெட்டுவதுதான் அவர் பெயரே. ஊரெல்லாம் முடியாது என்ற துணியை அவரிடம் கொண்டுவருவார்கள். அதில் ஒரு விரலை விட்டுவிட்டால், அவரும் ஊரும் ஒன்றாகிவிடுவார்கள்.

அவர் விட்ட அரை விரலிலேயே அவள் மூடித் தைத்தாள். மூடுவதற்குப் போன துணி சட்டையின் உடம்பு அளவிலிருந்து போனது. முதல் ஆளாக மருந்துக்கடைக்காரர் வந்து புதுச்சட்டையைப் போட்டுப் பார்த்தார். பட்டன் எல்லாம் போட்டாயிற்று. அவரால் மூச்சை வெளியே விட முடிந்தது. உள்ளே இழுக்க முடியவில்லை. முகம் சிவந்தபடி, சைகையால், கழற்றிவிடச் சொன்னார்.

அவர் போன பிறகு கத்திரி திரும்பினார். "தைச்சது நீதானே?"

"வெட்டினது நீங்கதானே?"

சொல்லி முடித்த பிறகுதான் இருவருக்கும் காதில் விழுந்தது. கத்திரி கையிலிருந்த அளவு நாடாவைச் சுருட்டத் தொடங்கினார். சுருட்டி முடித்ததும் மறுபடி பிரித்துச் சுருட்டினார். அவள் மெஷினின் மிதிபலகையில் காலை வைத்து, மிதிக்காமல் இருந்தாள். எதிர்க்கடையிலிருந்து தடதடவென்று சத்தம் வந்துகொண்டிருந்தது. வழக்கமாக அந்தச் சத்தம் கேட்டால் அவர் எழுந்து கதவை ஒருக்களிப்பார். அன்றைக்கு எழவில்லை.

மறுநாள் காலையில் அவள் மேசைக்கு வந்தபோது ஒரு துணி விரித்துக் கோடு போட்டு வைத்திருந்தது. வெட்டவில்லை. தையல் கோட்டுக்கு வெளியே வெட்டுக்கோடு. இரண்டுக்கும் நடுவில் விரலை வைத்துப் பார்த்தாள். ஒரு விரல், சரியாக. கத்திரி அந்தப் பக்கம் திரும்பிச் சாக்கட்டியைச் சீவிக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து துணி குறைவாகக் கொண்டுவந்தவர்களிடம் "இன்னும் கால் மீட்டர் வாங்கிட்டு வாங்க" என்று அவரே சொன்னார். முதல் சில தடவை அதைச் சொல்வதற்குமுன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். பிறகு கனைப்பும் நின்றுவிட்டது.

வேலை ஓடியது. பிரமாதமாக ஓடியது என்று சொல்ல முடியாது. அவசரக்காரர்கள் எதிர்க்கடைக்குப் போனார்கள். பொறுத்திருந்து வாங்குகிறவர்கள் இங்கே வந்தார்கள். நர்ஸ் தன் கூட வேலைசெய்கிறவர்களை அழைத்து வந்தாள். வெள்ளைச் சட்டையைத் தினமும் வெந்நீரில் துவைக்கிறவர்களுக்கு உள்பக்கம் முக்கியம். ஒருத்தி புதுச்சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு எது உள், எது வெளி என்று தெரியாமல் இரண்டு தடவை திருப்பினாள். அதை ஓரகத்தி எப்படியோ கேள்விப்பட்டு, காய்கறிக்கடையில் சொல்லிச் சிரித்தாள்.

"அக்கா, நீங்க தைக்கிறதைத் தப்பாப் போட்டுட்டு வந்தாக்கூட யாருக்கும் தெரியாதாமே!"

"பட்டன் சொல்லிடும்டீ."

அதே ஓரகத்திதான் வேறொருநாள், வெங்காயம் பொறுக்கிக்கொண்டே, தலை நிமிராமல் விஷயத்தைச் சொன்னாள். ரயிலுக்கு ஒரு ரெடிமேட் கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை கிடைத்திருந்தது. கடையை மூடுகிறான். மோட்டார் மெஷினுக்கு ஆள் வந்துவிட்டது. ஓவர்லாக் மெஷினைக் கேட்டும் ஒருவன் வந்தானாம். அவனிடம் விலை பேசாமல் ரயில் திருப்பி அனுப்பிவிட்டான்.

"முதல்ல அண்ணன்கிட்ட கேளுன்னார். 'நீங்களே போய்க் கேளுங்க'ன்னேன். போகமாட்டார். அதான் நான் உங்ககிட்ட கேக்கிறேன்."

வீட்டுக்கு வந்து சொன்னதும் கத்திரி, "வேண்டாம்," என்றார். ஏன் என்று அவள் கேட்டாள். "வேண்டாம்னா வேண்டாம்." அதற்குமேல் அதில் ஒன்றும் இல்லை. அவருக்கு உண்மையிலேயே காரணம் எதுவும் தோன்றவில்லை. அந்த 'வேண்டாம்' எதிர்க்கடைவரை போகாமல் அவள் பார்த்துக்கொண்டாள்.

இரண்டொரு நாளில் ரயில் ஒரு தள்ளுவண்டியில் மெஷினை ஏற்றி, தெருவைக் குறுக்கே கடந்து, கடை வாசலில் நிறுத்தினான். மருந்துக்கடைக்காரர் வெளியே வந்து நின்றார். கிளினிக் வாசலில் இரண்டு பேர் நின்றார்கள். ரயில் அண்ணனைப் பார்க்காமல் அண்ணியைப் பார்த்தான்.

"அண்ணி, இதை எங்க வைக்கட்டும்?"

கத்திரி மேசைக்குப் பின்னால் நின்றிருந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள். "என் மெஷினுக்குப் பக்கத்துல வையுங்க தம்பி. ஜன்னல் ஓரமா." அவர் முன்னிலையில், வெளியாள் கேட்க, அவர் பதிலை அவள் சொன்னது அதுவரை நடந்ததில்லை. குரல் தக்காளி விலை கேட்பதுபோலத்தான் வந்தது.

மெஷின் மேசையோடு சேர்ந்தது, கனம். வாசல் குறுகல். ரயில் ஒரு பக்கம் தூக்கி, மறுபக்கம் தூக்க ஆளில்லாமல் நின்றான். தள்ளுவண்டிக்காரர் சுவரில் சாய்ந்து பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். கத்திரி கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மேசையைச் சுற்றி வந்து மறுபக்கத்தைப் பிடித்தார்.

"கொஞ்சம் சாய்," என்றார்.

"சாய்ச்சிட்டேன்."

"அந்தப் பக்கம் இல்ல, இந்தப் பக்கம்."

"காலு இடிக்குதுண்ணே."

"யாரு காலு?"

"மேசைக் காலு."

கோட்டுச் சண்டைக்குப் பிறகு அவர்கள் பேசிக்கொண்ட முதல் பேச்சு இதுதான். கடைசியில் மேசையின் ஒரு காலைத் திருகிக் கழற்றித்தான் உள்ளே கொண்டுபோக முடிந்தது. கழற்றினவர் அண்ணன், மாட்டினவன் தம்பி. டீ வந்தது. கம்பெனியில் எத்தனை மெஷின் என்று அண்ணன் கேட்டார், தம்பி சொன்னான். மன்னிப்பு, கண்ணீர், கட்டிப்பிடிப்பு எதுவும் நடக்கவில்லை. டீ குடித்ததும் தம்பி எழுந்து, "வர்றேண்ணே," என்றான். "சரி," என்றார் அண்ணன். மருந்துக்கடைக்காரர் ஏமாற்றத்தோடு உள்ளே போனார்.

அவள் மெஷினை ஓட்டிப் பார்த்தாள். அவளுக்கு ஒரு பொழுது பிடிக்கிற ஓரம் அதில் டீ ஆறுவதற்குள் முடிந்தது. வருத்தம் என்று சொல்வதற்கு இல்லை. கொஞ்சம் அசடு தட்டியது, அவ்வளவுதான். பேன்ட்டுக்கும் பள்ளிக்கூடச் சீருடைக்கும் ஓவர்லாக் என்று வைத்துக்கொண்டாள். மெல்லிய துணிக்கும் நர்ஸ்களின் சட்டைக்கும் தன் பழைய முறையை விடவில்லை. நர்ஸ் முதலிலேயே வந்து சொல்லிவிட்டாள்: "புது மெஷின் வந்துடுச்சாமே. என் சட்டையை அதுல காட்டாதீங்க. ஓரம் உறுத்தும்."

வேலை இரண்டு மடங்கானதும் ஓரகத்தியே வந்து உட்கார்ந்தாள். ஓவர்லாக்கை அத்தனை நாளும் ஓட்டினவள் அவள்தான்; புருஷன் ஓட்டியதாக ஊர் நினைத்துக்கொண்டிருந்தது. காய்கறிக்கடையில் ஒருநாளும் முட்டிக்கொள்ளாத இரண்டு பேர் ஒரே ஜன்னலடியில் உட்கார்ந்த முதல் வாரத்திலேயே முட்டிக்கொண்டார்கள். சின்னவளுக்கு எல்லாத் துணிக்கும் வெள்ளை நூலே போதும். நூல் மாற்றி மாற்றிக் கோப்பது அவளுக்கு ஆகாது. மூத்தவளுக்குத் துணியின் நிறத்தில் நூல் ஓட வேண்டும். கறுப்புப் பேன்ட்டின் உள்ளே வெள்ளையாக ஓடினால், பல்லைக் காட்டுவதுபோல் இருக்கிறது என்றாள். "யாரு திருப்பிப் பாக்கப்போறா?" என்றாள் சின்னவள். அவ்வளவுதான், பேச்சு நின்றது.

நடுவில் கத்திரி தபால்காரர் ஆனார்.

"வெள்ளையே இருக்கட்டுமாம்."

"கறுப்புத் துணிக்குமான்னு கேளுங்க."

"நீயே கேளேன். பக்கத்துலதானே உக்காந்திருக்கா?"

"நான் அவகூட பேசறதில்லைன்னு சொல்லுங்க."

"மாமா, எனக்கும் காது கேக்குதுன்னு சொல்லுங்க."

அவர் அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்து மேசையில் வைத்துவிட்டு டீக்கடைக்குப் போனார். வேண்டுமென்றே இரண்டாவது டீயும் குடித்தார். திரும்பி வந்தபோது ஓவர்லாக் ஓடிக்கொண்டிருந்தது. நூல்கண்டுகளைப் பார்த்தார். வெள்ளை இல்லை, கறுப்பும் இல்லை. எந்த நிறத் துணியிலும் துருத்தாத சாம்பல் நிறம் கோத்திருந்தது.

"நல்லாத்தான் இருக்கு. சாம்பல் யாரோட யோசனை?" என்று கேட்டார்.

"என்னோடது," என்றார்கள் இருவரும்.